மூன்று நாளில் அரிப்பை அடக்கும் ட்யூப்

தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதுவரைக்கும் என்ன தடவுனீங்க?" என்பதுதான். பெரும்பாலும் பையிலிருந்து பாதி பிதுக்கிய ஒரு ட்யூப் வெளியே வரும். பின்பக்கம் பொடி எழுத்தில் குளோபெட்டசால் என்று இருக்கும். அது வீரியமான ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடு கலந்தே விற்கிறார்கள்.

அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை நம் உடல் எதிர்ப்பதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குவதால் மூன்றே நாளில் சுகமாகத் தெரியும். பூஞ்சையோ உள்ளே தாராளமாகப் பரவும். தடவுவதை நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும், மறுபடி அதே ட்யூப். மாதக்கணக்கில் இப்படித் தடவியவர்களுக்குத் தொடைத் தோல் மெலிந்து, பிரசவ வரிகள் போலக் கோடுகள் விழுந்திருக்கும். அவை முழுதாக மறைவதில்லை.

பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். நம் செல்களில் இருப்பது கொலஸ்ட்ரால். டெர்பினாஃபின், இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுத்துப் பூஞ்சையை முடக்குகின்றன. ஆனால் இங்கே இப்போது பரவலாக இருக்கும் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற பூஞ்சை வகை (2020இல் பெயரிடப்பட்டது) பல நேரங்களில் டெர்பினாஃபினுக்கு மசிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று நம்பாதீர்கள்.

க்ரீமை வட்டத்தின் நடுவில் மட்டும் தடவினால் போதாது. பூஞ்சை மும்முரமாக இருப்பது ஓரத்தில். ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது 2 வாரம் தொடருங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். துண்டைப் பகிர வேண்டாம்.

குழந்தைகளின் தலையில் வருவது எனக்கு இன்னும் கவலை. புழுவெட்டு என்று நினைத்து வெங்காயம் தேய்க்கிறார்கள். புழுவெட்டில் சொட்டை வழவழப்பாக இருக்கும். பூஞ்சை என்றால் பெரும்பாலும் செதில் உதிரும், ஒடிந்த முடிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். முடியின் வேர்வரை க்ரீம் போகாது, மாத்திரைதான் வேண்டும். கிரிசியோஃபுல்வின் என்ற மாத்திரை, புதிதாக வளரும் முடியின் கெரட்டின் என்ற புரதத்தில் படிந்து, அதைப் பூஞ்சை தொடாமல் காக்கும். தொற்றிய பழைய முடி உதிர்ந்து தீரும்வரை கொடுக்க வேண்டியிருப்பதால்தான் 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. பால் போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் நன்றாக உடலில் சேரும். அந்த இடம் வீங்கிச் சீழ் கோத்தால் அன்றே காட்டுங்கள். தழும்பாகிவிட்டால் அங்கே முடி திரும்ப முளைக்காது.