கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு?

“காலமை எத்தினை மணிக்குக் குளிசை போட்டனீங்கள், அம்மா?”

உடலசைவைத் தடுமாறவைக்கும் பார்க்கின்சன் நோயை ஆராயும் குழுவில் வேலை செய்பவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. குளிசை போட்ட நேரம் தெரியாமல் அந்த அம்மாவின் கையை அளந்தால் அந்த அளவு ஒன்றுக்கும் உதவாது. எட்டு மணிக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் இருந்தவர் ஒன்பதரைக்குப் புட்டுக் குழைப்பார். பின்னேரம் பார்த்தால், வாசற்படியில் கால் எடுபடாமல் நிற்பார்.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. நடுமூளையிலுள்ள கரும்பொருள் என்ற சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் கலங்கள் சில இலட்சந்தான். அவற்றின் வேலையை விளங்கிக்கொள்ள எங்கள் பழைய துலாவை நினைத்துப் பாருங்கள். துலா மிதிப்பவர் முன்னே நடந்தால் வாளி கிணற்றுக்குள் இறங்கும், பின்னே நடந்தால் மேலே வரும். உடலசைவுக்கும் மூளையில் ‘செய்’ என்று தூண்டும் பாதை ஒன்றும் ‘நில்’ என்று தடுக்கும் பாதை ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பாரத்தை மாற்றிக்கொடுக்கும் மிதிகாரர்தான் டோபமைன். அது குறையக் குறைய ‘நில்’ பக்கம் பாரமாகிவிடுகிறது. அந்தக் கலங்களில் பாதியளவோ அதற்கு மேலோ அழிந்த பிறகே கையசைவில் மாற்றம் வெளியே தெரியவரும்.

டோபமைனையே குளிசையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. நுழையக்கூடியது அதன் மூலப்பொருளான லெவோடோபா. எங்கள் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலும் இதே பொருள் இருக்கிறது. ஆனால் விதைக்கு விதை அளவு மாறுவதால், அதை அரைத்துக் குடித்து வைத்தியம் பார்ப்பது ஆபத்து. இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, மீனும் முட்டையும் பருப்பும் தரும் அமினோ அமிலங்கள் நுழையும் அதே வாசலால்தான் இதுவும் நுழைய வேண்டும். மீன்குழம்போடு விழுங்கிய குளிசை சிலருக்குப் பிந்தி வேலை செய்வதற்குக் காரணம் இந்த நெருக்கடி.

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை மட்டும் வைத்து இந்நோயை விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. இன்றைய ஆய்வில் கண்ணால் கண்டதை எண்ணாக்க வேண்டும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் இயன்றவரை அகலமாக, இயன்றவரை வேகமாகப் பத்துத் தரம் தட்டச் சொல்வார்கள். மெதுவாகத் தட்டுகிறாரா என்பதோடு விட்டுவிடக்கூடாது, தட்டத் தட்ட விரலிடைவெளி சுருங்குகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். முதல் மூன்று தட்டு அழகாக விழும், ஏழாவதில் விரல்கள் ஒட்டினாற்போலக் கிடக்கும். அதற்கு 0 முதல் 4 வரை ஒரு புள்ளி. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். மனம் கணக்கில் போனதும் ஒளிந்திருந்த நடுக்கம் வெளியே வரும். நொடிக்கு நான்கு முதல் ஆறு தரம், வைத்தியர் குளிசை உருட்டுவதைப்போல விரல்கள் உருளும். தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டினால் பெரும்பாலும் தணிந்துவிடும். கோப்பையை எடுக்கும்போதுதான் நடுங்குகிறது என்றால் வேறொரு நடுக்க நோயை யோசிக்க வேண்டும்.

மருந்தில்லாத நிலையையும் அளக்க வேண்டியிருப்பதால், பல ஆய்வுகளில் முதல்நாள் இரவிலிருந்து ஏறக்குறைய 12 மணி நேரம் குளிசையை நிறுத்தி வைக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். நெடுந்தீவிலிருந்து வருபவர் விடியற்காலையில், விறாந்தையில் நடக்கவே முடியாத நிலையில், படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வர வேண்டும். முதல்நாளே அழைத்துத் தங்கவைக்கும் செலவை ஆய்வின் வரவுசெலவிலேயே எழுதிவிட வேண்டும்.

புது மருந்தைச் சோதிக்கும்போது, யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெறும் குளிசை என்பது அளப்பவருக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது. பார்க்கின்சனில் இந்த மறைப்பு மிக முக்கியம். கனடாவின் வான்கூவரில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து என்று எதிர்பார்த்து வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையிலும் டோபமைன் சுரந்தது ஸ்கான் படத்தில் தெரிந்தது. அவர்களுக்கு வந்த சுகம் பாசாங்கில்லை. நம்பிக்கை தந்த சுகத்தையும் மருந்து தந்த சுகத்தையும் பிரித்துக் காட்டுவதற்கே இத்தனை மறைப்பும்.

இனி மொழிக்கு வருவோம். தசை இறுகிப்போவதைத் தமிழகத்தில் எழுதும் வினாத்தாள் ‘விறைப்பு’ என்று குறிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் “கை விறைக்குதோ?” என்று கேட்டால், உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போகிறதா என்றே எடுத்துக்கொள்வார். பல் பிடுங்குமுன் போடுவது விறைப்பூசி அல்லவா! சலரோகத்தால் கால் மரத்துப்போனவர் ‘ஓம்’ என்பார், பார்க்கின்சனால் கை இறுகியவர் ‘இல்லை’ என்பார். “கையை மடக்கி நீட்ட இறுக்கமா இருக்குதோ?” என்று கேட்டால் சரியான விடை வரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் இந்தச் சொற்சிக்கலோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர். அந்த உழைப்பை இன்றைய வினாத்தாள்களும் கேட்கின்றன.

ஆய்வில் சேர வருபவரிடம் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சின்னரிசினும், சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட்டும், நெடுநாள் எடுத்தால் சிலருக்குப் பார்க்கின்சனைப் போலவே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். தானாக நிறுத்தக்கூடாது. மருத்துவர் பார்த்து நிறுத்தினால், பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது விலகிவிடும். அப்படிக் குணமாகிறவரின் பெயரை ஆய்வுப் பட்டியலிலிருந்து வெட்ட வேண்டி வரும். எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தாலும், அந்தக் கோட்டை மகிழ்ச்சியோடு கீறலாம்.