என்டர் தட்டும் முன் ஒரு டி

லினக்ஸ் சர்வரில் அப்கிரேடு ஓடிக்கொண்டிருக்கும்போது திரை நின்று ஒரு கேள்வி கேட்கும்: இந்த கான்ஃபிக் ஃபைலை (அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜிலும் புதியது வந்திருக்கிறது, எதை வைக்கட்டும்? நடு ராத்திரியில் அதை யார் பொறுமையாகப் படிப்பார்கள்?

வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் ஓடும் ஒரு சர்வரில், புதியதைப் போடச் சொல்லும் ஒய்யை நான் அழுத்தினேன். புதியதுதானே நல்லது என்ற நினைப்பு. சைட் திறந்தது, தூங்கப் போய்விட்டேன். காலையில் ‘படம் ஏறவில்லை’ என்று புகார். சின்னப் படங்கள் ஏறின, பெரியவை 413 பிழையோடு திரும்பின. அப்லோடு அளவை உயர்த்தி நான் எழுதியிருந்த ஒரே ஒரு வரி போயிருந்தது. அது இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வாங்காது. நல்ல வேளை, பழைய ஃபைல் டிபிகேஜி-ஓல்ட் என்ற வாலோடு பக்கத்திலேயே இருந்தது.

டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி, போன முறை தான் கொடுத்த ஃபைலின் எம்டி5 மதிப்பை, அதாவது உள்ளடக்கத்தின் கைரேகையை, குறித்து வைத்திருக்கும். ஃபைலில் உங்கள் கை படவில்லையென்றால் சத்தமில்லாமல் புதியதைப் போடும். நீங்கள் மட்டும் மாற்றியிருந்தால் தொடாது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேட்கும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையது தங்கும், புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு ஓரமாகக் கிடக்கும்.

சரி, எப்போதும் என்டர் தட்டிவிட்டால் போதாதா? அதையும் வருடக்கணக்கில் செய்து பார்த்தேன். என் பழைய ஃபைலில் எச்டிடிபிஎஸ்ஸை இயக்க ‘எஸ்எஸ்எல் ஆன்’ என்று ஒரு வரி. என்ஜின்எக்ஸ் 1.25.1-இல் அதை நீக்கியே விட்டார்கள். அதைத் தாண்டி அப்கிரேடு செய்த அன்று சர்வீஸ் எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்பே கான்ஃபிக் சோதனையை ஓட்டியபோதெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. படிக்காதது நான்.

அதனால் இப்போது முதலில் டி அழுத்தி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறேன். நேரமில்லை என்றால் என்டர், அப்புறம் மறுநாளே அந்த டிஸ்ட் ஃபைலைத் திறந்து, வேண்டிய வரிகளை என்னுடையதில் சேர்த்துவிட்டு அதை அழிக்கிறேன்.

ஃபெடோரா வகை லினக்ஸ்களில் கேள்வியே வராது. ஆர்பிஎம்நியூ என்ற வாலோடு ஒரு ஃபைல் முளைத்திருந்தால் உங்கள் ஃபைல் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். ஆர்பிஎம்சேவ் என்று இருந்தால் பதற்றப்பட வேண்டியதுதான்: உங்கள் ஃபைல் ஒதுக்கப்பட்டு, புதியது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்ச் லினக்ஸில் ஆர்பிஎம்நியூவுக்குப் பதில் பேக்நியூ. அப்கிரேடு முடிந்ததும் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் இடிசி அடைவுக்குள் இந்த வால்களை ஃபைண்டு கட்டளை போட்டுத் தேடுங்கள்.

முடிந்தவரை பேக்கேஜின் ஃபைலில் கையே வைக்காதீர்கள். அந்த அப்லோடு வரி இப்போது என்ஜின்எக்ஸ் சேர்த்துப் படிக்கும் கான்ஃப்.டி அடைவில் தனி ஃபைலாக இருக்கிறது. சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலை லிப் அடைவிலேயே போய்த் திருத்துகிறவர்கள் இன்னும் கவனம்: அது கான்ஃபிக் கணக்கில் வராது, அடுத்த அப்கிரேடில் கேட்காமலே அழிந்துவிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை போட்டு எழுதுங்கள். சர்வீஸைத் தொடங்கும் கட்டளை இருக்கும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றுவதானால் முதலில் அதை வெறுமையாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் உங்கள் கட்டளையைக் கொடுங்கள்.