ஒருகுடை வாகையர்: ‘சர்ச்சையற்ற சாம்பியன்’ ஏன் பிழை

2024 மே 6 அன்று டோக்கியோ டோமில் நடந்த குத்துச்சண்டையைத் தமிழில் விவரிக்கும் காணொளி ஒன்றை அண்மையில் பார்த்தேன். முதல் சுற்றிலேயே மெக்சிகோவின் லூயிஸ் நேரி வீசிய இடது கை ஹூக் முகத்தில் இறங்க, ஜப்பானின் நவோயா இனோவே தன் தொழில்முறை வாழ்வில் முதல் முறையாகத் தரையில் விழுகிறார். பதறி எழவில்லை. முழங்காலை ஊன்றி, நடுவர் எட்டு எண்ணும் வரை மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு எழுகிறார். ஆறாம் சுற்றில் நேரியின் கதையை முடிக்கிறார். இப்படி ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கையில் பின்னணிக் குரல் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறது: ‘சர்ச்சையற்ற சாம்பியன் இனோவே.’

எந்தச் சர்ச்சை? யார் கிளப்பியது? பல ஆண்டுகளாகக் காதில் விழுந்துவரும் இந்தத் தொடரை இனியும் பொறுக்க முடியாது என்று அன்றுதான் தோன்றியது.

ஆங்கில மூலச்சொல் ‘அன்டிஸ்பியூட்டட்’. இலத்தீனில் ‘புதாரே’ என்றால் எண்ணுதல், கணக்கிடுதல். அதிலிருந்து வாதிடுதல் என்ற பொருளில் ‘டிஸ்பியூட்’ வந்தது. உரிமை குறித்த வழக்கு என்ற பொருளும் அதில் ஏறியது. ‘சாம்பியன்’ என்பதோ களம் என்று பொருள்படும் ‘காம்புஸ்’ வழியாக வந்த சொல், களத்தில் இறங்குபவர். வேர் பற்றி இவ்வளவு போதும். குத்துச்சண்டையில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம்.

ஒரே மனைக்கு நான்கு பேர் நான்கு பத்திரம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ‘என்னுடையது’ என்கிறார். குத்துச்சண்டையில் ஒவ்வோர் எடைப்பிரிவும் அப்படிப்பட்ட மனைதான். உலகக் குத்துச்சண்டைச் சங்கம், 1963-இல் தோன்றிய உலகக் குத்துச்சண்டைப் பேரவை, 1983-இல் வந்த பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, 1988-இல் வந்த உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஆகிய நான்கும் தனித்தனியே ‘உலகச் சாம்பியன்’ பட்டம் தருகின்றன. அதனால் ஒரே எடையில் ஒரே நேரத்தில் நான்கு உலகச் சாம்பியன்கள் இருக்கலாம். அந்த நான்கு பத்திரங்களும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால், உரிமை கோர வேறு எவரும் இல்லை. அந்த ஒருவரைத்தான் ‘அன்டிஸ்பியூட்டட்’ என்கிறார்கள். இது ஒரு எண்ணிக்கை. வெற்றியின் தரத்தைப் பற்றியோ மனிதரின் நற்பெயரைப் பற்றியோ இதில் ஒரு சொல்லும் இல்லை.

ஜப்பானில் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். 1965-இல் பிரேசிலின் எடர் ஜோஃப்ரேயை நகோயாவில் வென்று ஃபைட்டிங் ஹராடா பேண்டம் எடைச் சாம்பியனானபோது உரிமை கோர இரண்டே அமைப்புகள். இரண்டும் அவரையே ஏற்றன. ஜப்பான் குத்துச்சண்டை ஆணையமோ 2013 வரை அந்த இரண்டு அமைப்புகளின் பட்டங்களை மட்டுமே ஏற்றுவந்தது; மற்ற இரண்டுக்கும் அந்த ஆண்டில்தான் கதவு திறந்தது. இனோவே தொழில்முறைக் களத்துக்கு வந்தது 2012 அக்டோபரில். அதாவது, ‘நான்கும் ஒருவரிடம்’ என்ற கனவே ஜப்பானில் அவரோடு சேர்ந்து வளர்ந்தது.

கனகாவா மாநிலத்தின் ஸாமா நகரில் 1993-இல் பிறந்தவர் அவர். தந்தை ஷிங்கோதான் பயிற்சியாளர். ஆறாவது சண்டையிலேயே உலகப் பட்டம். எட்டாவது சண்டையில், இடையில் ஒரு எடையைத் தாண்டிப்போய், அதுவரை தொழில்முறைக் களத்தில் ஒருமுறைகூடத் தரையில் விழுந்திராத ஓமர் நார்வாயெஸை இரண்டே சுற்றில் முடித்து இரண்டாம் எடையிலும் பட்டம். பிறகு பேண்டம் எடை, 53.5 கிலோ. 2018-இல் முதல் பத்திரம், 2019 மே மாதம் கிளாஸ்கோவில் அடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் சைத்தாமாவில் நொனீத்தோ தொனேருக்கு எதிராகக் கண்குழி எலும்பு முறிந்த நிலையிலும் பன்னிரண்டு சுற்று நின்று வென்றார். 2022 ஜூனில் அதே தொனேரை இரண்டாம் சுற்றில் சாய்த்து மூன்றாவது பத்திரத்தை எடுத்தார். நான்காவது இங்கிலாந்தின் பால் பட்லரிடம் இருந்தது. 2022 டிசம்பர் 13, டோக்கியோவின் அரியாக்கே அரங்கம். பட்லர் கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடிக்கவே மறுத்தார். இனோவே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘வந்து அடி’ என்று முகத்தை நீட்டினார். பதினொன்றாம் சுற்றில் பட்லர் விழுந்தார். நான்கும் ஒருவர் கையில்.

இதைச் ‘சர்ச்சையற்ற’ என்று சொன்னால் என்ன விளங்குகிறது? ‘சர்ச்சை’ வடமொழிச் சொல். அங்கே ஆய்ந்து பேசுதல், உரையாடல் என்று பொருள். இந்தியில் இன்றும் அப்படித்தான். தமிழுக்கு வந்தபின் அது வம்பு, தகராறு, ஊர்வாயில் விழுதல் என்று குறுகிவிட்டது. ‘சர்ச்சைக்குரிய நடிகர்’, ‘சர்ச்சையில் சிக்கிய அமைச்சர்’ என்று நாள்தோறும் படிக்கிற கண்ணுக்குச் ‘சர்ச்சையற்ற சாம்பியன்’ என்றால் வம்புதும்புக்குப் போகாத நல்ல பிள்ளை என்றே படும். இல்லாவிட்டால், நடுவர் தீர்ப்பில் குறை இல்லை என்று படும். இரண்டும் தவறு.

சான்று வேண்டுமா? 2022 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் ஜோஷ் டெய்லர், ஜாக் கேட்டரலை எதிர்த்து நின்றார். நான்கு பட்டங்களும் டெய்லரிடம். எட்டாம் சுற்றில் அவரே தரையில் விழுந்தார். பார்த்தவர்களில் மிகப் பலர் கேட்டரல் வென்றார் என்றே நினைத்தார்கள். ஆனால் நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டெய்லருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரும் கூச்சல் எழுந்தது. இதைப் பழைய மொழிபெயர்ப்பில் எழுதிப் பாருங்கள்: ‘சர்ச்சைக்குரிய தீர்ப்பால் அவர் சர்ச்சையற்ற சாம்பியனாக நீடித்தார்.’ மூலத்தில் முரணே இல்லாத செய்தி தமிழில் தன்னையே கடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தைப் பெற்றெடுக்கும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘மறுக்கமுடியாத சாம்பியன்’ என்போர் தங்களைக் கொஞ்சம் மேலானவர்களாக நினைக்கிறார்கள். அவர்கள் செய்வது இன்னொரு பிழை. ஒருவரும் மறுக்கவில்லை என்பது ஒன்று, மறுக்கவே இயலாது என்பது வேறொன்று. 2023 ஜனவரியில் எடை ஏறுவதற்காக இனோவே நான்கு பட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். பேண்டம் எடையில் அவர் பெருமையை அன்றும் எவராலும் மறுக்க முடியாது. ஆனால் அன்று முதல் அந்த எடையில் அவர் ‘அன்டிஸ்பியூட்டட்’ அல்லர். ‘ஒருங்கிணைந்த சாம்பியன்’ பற்றிப் பேசவே கை கூசுகிறது. இணைந்தவை பட்டங்கள். மனிதர் எதனோடு ஒருங்கிணைந்தார்?

அந்த விட்டுக்கொடுத்தலையும் ஓரிடத்தில் ‘பட்டங்களைக் காலி செய்தார்’ என்று படித்தேன். வேறோரிடத்தில் ‘பறிகொடுத்தார்’ என்று. காலி செய்ய அது வாடகை வீடா? பறிகொடுக்க யார் பறித்தார்கள்? ‘துறந்தார்’ என்று ஐந்தெழுத்தில் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. விளையாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் விளையாட்டைப் பார்ப்பதில்லை. சொல்லுக்குச் சொல் அகராதியில் தேடி, முதலில் வந்ததைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். பார்த்திருந்தால் கை தானாகவே வேறு சொல்லைத் தேடியிருக்கும்.

ஜப்பானியர் பார்த்தார்கள். அவர்கள் ‘யொன் தந்தாய் தோஇட்சு ஓஜா’ என்கிறார்கள். நான்கு அமைப்பு, ஒன்றாக்கிய, மன்னர். சர்ச்சை, மறுப்பு எதுவும் அங்கே இல்லை. ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ‘மன்னர்’ என்று முடித்தது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் தமிழிலும் விடை அங்கேதான் கிடைக்கிறது.

‘பட்டம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மன்னர் நெற்றியில் கட்டிய பொற்றகடு அது. அதனால்தான் இன்றும் ‘பட்டம் கட்டினார்கள்’ என்கிறோம். இடுப்பில் கட்டும் பெல்ட்டும் அதனால் வரும் உயர்வும் ஒன்றாகிவிட்ட குத்துச்சண்டைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? அடுத்து, ஒரு நிலத்துக்குப் பலர் உரிமை கோருவதைப் பழந்தமிழ் ‘பொதுமை’ என்றது. புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரனார், ‘தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி வெண்குடை நிழற்றிய ஒருமையோர்’ என்கிறார். கடல் சூழ்ந்த நிலத்தைப் பிறருக்குப் பொதுவாக விடாமல் ஒரே குடையின்கீழ் ஆண்டவர். ஆங்கிலச் சொல்லின் வரையறையை யாரோ அந்தக் காலத்திலேயே எழுதிவைத்துவிட்டதுபோல் இருக்கிறது. ‘ஒரு குடைக்கீழ்’ என்பது மேடைப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கும் தொடர்தான். புதிதாக எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒருகுடை வாகையர். வாகைப்பூ சூடியவர் வாகையர். ‘சாம்பியன்’ ஊறிப்போன சொல், அதை விட மனமில்லை என்பவர்கள் ‘ஒருகுடைச் சாம்பியன்’ என்று எழுதட்டும்; எனக்குத் தடையில்லை, என் வழக்கு அடைமொழியோடுதான். இரண்டு மூன்று பட்டம் மட்டும் சேர்த்தவரை ‘இணைபட்ட வாகையர்’ எனலாம். ‘முழுப்பட்ட வாகையர்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் காதுக்கு அடிபட்டவர்போல் ஒலிக்கிறது. ‘ஏகபோகச் சாம்பியன்’ வணிகக் கொள்ளையை நினைவூட்டும்.

இனி இந்தச் சொல்லை வேலை வாங்கிப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 26 அன்று மார்லன் தபாலெஸைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தி, 55.3 கிலோ பிரிவிலும் இனோவே ஒருகுடை வாகையரானார். நான்கு பட்டக் காலத்தில் இரண்டு எடைகளில் ஒருகுடை கண்ட ஆண்களில், டெரன்ஸ் கிராஃபோர்டுக்குப் பின் இவர் இரண்டாமவர். அவர் துறந்த பேண்டம் எடையிலோ 2024 மே மாதத்தில் நான்கு பட்டங்களும் நான்கு ஜப்பானியரிடம் இருந்தன: தம்பி தகுமா இனோவே, ஜுன்தோ நகதானி, ரியோசுகே நிஷிதா, யோஷிகி தகேய். நால்வரும் உலகச் சாம்பியன்கள், நால்வரும் ஒரே நாட்டவர், ஒருகுடை வாகையர் ஒருவருமில்லை.