கிரேடு: தரம் அல்ல, படி

ஆங்கிலத்தில் ‘ஹை கிரேடு கேன்சர்’ என்பது ‘உயர்தரப் புற்றுநோய்’ என்று நோயாளிகளுக்கான ஒரு கையேட்டில் அச்சாகியிருக்கிறது. உயர்தர சைவ உணவகம், உயர்தர ஜவுளி, அந்த வரிசையில் உயர்தரப் புற்று. இலங்கை வாசகர் கண்ணில் பட்டால் இன்னும் விபரீதம். அங்கே உயர்தரம் என்றால் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக எழுதும் பரீட்சை. ஒருமுறை பார்த்தால் சிரித்துவிட்டுப் போகலாம். துண்டறிக்கை, காணொலி, செய்தித்தாளின் நலவாழ்வுப் பக்கம் என்று எங்கு பார்த்தாலும் இதுவே என்றால் எரிச்சல்தான் வருகிறது.

கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர் நோயியல் மருத்துவர். அந்தச் செல்களும் அவை அமைந்திருக்கும் விதமும் பிறந்த திசுவை விட்டு எவ்வளவு விலகிவிட்டன என்று அவர் போடும் மதிப்பெண்தான் கிரேடு. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். முன்னது கட்டியின் குணம், பின்னது அதன் எல்லை. நோயின் போக்கை முன்கணிக்க இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றாகாது.

வேர்களைப் பார்த்தால் வேலை எளிது. கிரேடு, லத்தீன் ‘கிராதுஸ்’ என்பதிலிருந்து வந்தது. காலடி, படிக்கட்டின் படி என்று பொருள். ஸ்டேஜ், பிரெஞ்சு வழியாக, ‘நில்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘ஸ்தாரே’யிலிருந்து வந்தது. ஆக ஸ்டேஜுக்கு ‘நிலை’ அச்சாகப் பொருந்துகிறது, கிரேடுக்குப் ‘படி’. இரண்டு சொல்லும் நம் கையிலேயே இருக்க, ‘தரம்’ எங்கிருந்து நுழைந்தது?

அகராதியிலிருந்துதான். தரம் என்பதற்கு வகுப்பு, பிரிவு என்ற பொருளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. நிலவரித் திட்டத்தில் மண்ணுக்கே தரம் போட்டார்கள். ஆனால் தமிழ்க் காதில் தரம் என்றதும் மேன்மைதான் முதலில் ஒலிக்கும். ‘தரமான பொருள்’ என்றால் நல்ல பொருள். எதில் தரம் என்று யாரும் கேட்பதில்லை. எண்ணைச் சேர்த்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது. தமிழில் முதல் தரம்தான் உச்சம். மூன்றாந்தரம் என்றால் மட்டம், மலிவு. புற்றுநோயிலோ 1 சாதுவானது, 3 முரடு. ‘மூன்றாம் தரப் புற்று’ என்று படிக்கும் குடும்பம் அதை ஒப்புக்குச் சப்பாணி என்று நினைத்துக்கொண்டால் பழி யார் மேல்? சொல்லைத் திருப்பி ‘உயர்தரம்’ என்று போட்டாலும் அதே கதி. மேலிருந்து போனாலும் கீழிருந்து போனாலும் தவறான வாசலில் கொண்டுபோய் விடுகிற சொல் இது.

‘தரம் வேண்டாம், நிலையே போதும்’ என்று இரண்டையும் ஒன்றாக்குகிறவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் மார்பகக் கட்டி, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை, கிரேடு 3 என்று வைத்துக்கொள்வோம். பரவலின்படி அது முதல் நிலை. அறிக்கையில் ‘மூன்றாம் நிலை’ என்று பெயர்த்துவிட்டால் அந்த வீட்டில் அன்று இரவு யார் தூங்குவார்கள்? மார்பகப் புற்றில் இப்போது நிலையைக் கணக்கிடவே கிரேடையும் சேர்க்கிறார்களே என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மைதான், அமெரிக்க வகைப்பாட்டில் 2018 முதல் சேர்க்கிறார்கள். கூட்டலில் ஓர் எண் சேர்கிறது என்பதற்காக அந்த எண்ணும் கூட்டுத்தொகையும் ஒன்றாகிவிடுமா?

பேச்சுவழக்கில் ‘வீரியமான கேன்சர்’ என்கிறார்கள். பேச்சில் இருக்கட்டும். கலைச்சொல்லாக வேண்டாம். வீரிய ரக விதை, மருந்தின் வீரியம் என்று அது நல்ல இடங்களில் புழங்கும் சொல். தவிர, நோயியல் மருத்துவர் பார்ப்பது உருவத்தை. வீரியம் அதிலிருந்து ஊகிப்பது. வேகமாகப் பெருகும் செல்கள் கீமோவுக்கு எளிதில் மடிவதும் உண்டு.

என் பரிந்துரை ‘பிறழ்வுப்படி’. ‘படி’ மட்டும் போதாது; பயணப்படி, நகல், அளவு என்று அதற்கு ஏற்கெனவே பல வேலை. மரபணு மாற்றத்தையும் பிறழ்வு என்கிறார்களே என்பார்கள். அங்கே ‘மரபணு’ முன்னால் நிற்கிறது, குழப்பமில்லை. குறைபிறழ்வு, மிகுபிறழ்வு என்று பிரித்தால் பாமரருக்கும் எது மோசம் என்று சொல்லிலேயே தெரியும். இது பிடிக்காவிட்டால் ‘கிரேடு 3’ என்றே எழுதுங்கள். பொய் சொல்லும் தமிழைவிட உண்மை சொல்லும் கடன்சொல் மேல்.

கிரேடு அளந்து போடும் எண். 1920இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் ஆல்பர்ட் பிராடர்ஸ் உதட்டுப் புற்றை நான்கு படிகளாகப் பிரித்தார். மார்பகத்துக்கு இன்று புழங்கும் நாட்டிங்காம் முறையில் குழாய் அமைப்பு, உட்கருவின் உருச்சிதைவு, செல்பிரிவு எண்ணிக்கை மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3–5 முதற்படி, 6–7 இரண்டு, 8–9 மூன்று. புராஸ்டேட்டின் கிளீசன் முறையோ உட்கருவைப் பார்ப்பதே இல்லை, சுரப்பிகளின் கட்டமைப்பை மட்டுமே பார்க்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் தலைகீழாக்கிய இன்னொரு தொடர், ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்பதற்கு அவர்கள் எழுதும் ‘நன்கு வேறுபடுத்தப்பட்ட புற்று’. படிப்பவர், இயல்பிலிருந்து ரொம்பவே வேறுபட்டது போலிருக்கிறது என்று பயப்படுவார். பொருளோ நேர் எதிர். கருவில் ஒரே மாதிரி இருந்த செல்கள் முதிர்ந்து தனித்தனி வேலைக்குத் தேறுவதையே மூலச்சொல் குறிக்கிறது. அப்படித் தேறிய புற்று, பிறந்த திசுவை ஒத்திருக்கும். பிள்ளையைப் பார்த்து ‘அப்படியே அம்மா சாயல்’ என்கிறோமே, அதுதான். தாய்ச்சாயல் மிக்க புற்று, தாய்ச்சாயல் அற்ற புற்று என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? வாக்கியத்தைப் படித்துப் பெயர்க்காமல் சொல்லுக்குச் சொல் ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. இப்போது எந்திரம் வேறு அதையே அள்ளி இறைக்கிறது.

மூளைக் கட்டிகளில்தான் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகிறது. அவை பெரும்பாலும் மூளையைத் தாண்டிப் பரவுவதில்லை. ஆகவே அவற்றுக்கு வழக்கமான ஸ்டேஜ் கணக்கே கிடையாது, கிரேடு மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2021 வரை அதை ரோமன் எண்ணில் எழுதிவந்தது. ஸ்டேஜுக்கும் ரோமன் எண்தான் வழக்கம் என்பதால் பலர் ஏமாந்திருக்கலாம். அதன்பின் சாதாரண எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். நம் செய்திகளில் மட்டும் கிரேடு 4 மூளைக் கட்டியான கிளையோபிளாஸ்டோமா இன்னும் ‘நான்காம் நிலை மூளைப் புற்றுநோய்’ ஆகவே வருகிறது.