வண்டி நின்ற கதை

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். பிரேக் வேலைதான் அதிகம். ஊட்டி சீசன் தொடங்கிவிட்டால் பிரேக் லைனிங் கருகிய வாடை முதலில் உள்ளே வரும், கார் அப்புறம் வரும்.

போன மே மாதம் அப்படி வந்தது ஒரு கார். ஓட்டி வந்த தம்பிக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. பின் சீட்டில் அவருடைய அம்மாவும் இரண்டு குழந்தைகளும்.

“அண்ணா, பெடல் தரை வரைக்கும் போகுதுங்க. பிரேக்கே பிடிக்கலை. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தினேன்.”

“நியூட்ரல்ல இறக்குனீங்களா தம்பி?”

“ஆமாங்கண்ணா. பெட்ரோல் மிச்சமாகுமேன்னு…”

போக்குவரத்தின் வரலாறு என்றால் சக்கரம், நீராவி, பெட்ரோல் என்று வண்டி ஓடிய கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது நின்ற கதையை யாரும் சொல்வதில்லை. ஓட வைத்த ஆளுக்குப் பேர் கிடைத்துவிடும். நிறுத்த வழி தேடுகிறவன் எப்போதும் பின்னாலேதான் ஓடி வருவான், பெரும்பாலும் நாலு பேர் அடிபட்ட பிறகு.

ஸ்லோவேனியாவில் சதுப்பு நிலத்துக்குள் கிடைத்த மரச்சக்கரத்துக்கு வயது சுமார் 5,150 ஆண்டு. அந்தக் காலத்திலிருந்து வெகுநாள் வரை மாடுதான் எஞ்சின், மாடுதான் பிரேக். இறக்கத்தில் பாரம் முன்னால் தள்ளும். மாடு காலை ஊன்றித் தன் உடம்பால் தாங்கும். நம் கோயில் தேருக்கு அந்த வசதியும் இல்லை. அதனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டார்கள். தேரைத் திருப்பவும் அதுதான், நிறுத்தவும் அதுதான். அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு உருளும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போகிறவரின் நெஞ்சுரம் எனக்கு வராது. இன்று நல்ல காரியத்தைக் கெடுப்பவனைப் பார்த்து ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்கிறோம். பிரேக் மெக்கானிக் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்திருக்கிறது.

ரயில் வந்த புதிதில் பிரேக் போட ஆட்கள் தனியாக இருந்தார்கள். டிரைவர் விசில் அடிப்பார். பெட்டிகளில் நிற்பவர்கள் கைச்சக்கரத்தைச் சுற்றுவார்கள். 1869-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றழுத்த பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் அதைத் தலைகீழாக்கினார் பாருங்கள், அங்கேதான் அவர் மூளை. காற்று வந்தால் பிரேக் பிடிக்கும் என்று இருந்ததை, காற்று போனால் பிரேக் பிடிக்கும் என்று மாற்றினார். குழாய் அறுந்தாலும் பெட்டி கழன்றாலும் வண்டி தானே நிற்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் எல்லோரும் உடனே கேட்டுக்கொள்ளவில்லை. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மாவில் ஓர் உல்லாசப் பயண ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் முதலில் மேலே கொண்டுபோகப் பார்த்தார்கள். அதில் இருந்தது வேறு வகை பிரேக், கழற்றியதும் பிடி விட்டுப்போகும். கழற்றிய பெட்டிகள் பின்னால் உருண்டு, அதே பாதையில் பின்தொடர்ந்து வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். தானே பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்று அதே ஆண்டு சட்டம் வந்தது.

எங்கள் ஊர் மலை ரயிலில் இன்றும் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பதைப் பார்க்கலாம். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் பாதை அது. பல்சக்கரம் இருந்தாலும் ஆளும் வேண்டும்.

மோட்டார் காருக்கு வருவோம். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை வாங்கினார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் நிறுத்தி அதன்மேல் தோல் அடித்து வாங்கினார். பிரேக் லைனிங் பிறந்தது அங்கேதான் என்பார்கள். ஆக எங்கள் தொழிலின் முன்னோடி ஒரு வீட்டம்மா.

அதன்பிறகும் பல ஆண்டுகள் கார்களுக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். ஃபோர்டின் மாடல் டி-யில் கால் பிரேக் சக்கரத்தில்கூட இல்லை, கியர்ப்பெட்டிக்குள் இருந்தது. நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1921-இல், டியூசன்பெர்க் என்ற அமெரிக்கக் காரில். இன்று நீங்கள் மிதிப்பதும் அடிப்படையில் அதுதான்: கால் அழுத்தத்தை ஒரு திரவம் சக்கரம் வரை கொண்டுபோகிறது. நாம் பிரேக் ஆயில் என்கிறோம், உண்மையில் அது எண்ணெயே அல்ல. எண்ணெய்தானே என்று எஞ்சின் ஆயிலை ஊற்றி உள்ளே ரப்பர் எல்லாம் உப்பிப்போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பி கதைக்கு வருகிறேன். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். 1,200 கிலோ வண்டி அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளியாகும் சூடு, சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், காற்றும் கொஞ்சம் வாங்கும். நியூட்ரலில் இறங்கினால் கிட்டத்தட்ட முழுச் சுமையும் பிரேக் தலையில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் நாலு சதவீதத்தை நெருங்கினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அழுத்தினால் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அதுதான் சுருங்கும். பெடல் தரைக்குப் போனது இதனால்தான். ஆற வைத்தால் பிரேக் திரும்ப வந்துவிடும். ‘இப்ப சரியாயிடுச்சே’ என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர் என்று மலை டிரைவர்கள் சொல்வது வெறும் பழக்கமல்ல. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். இறக்கத்தில் எஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால் ஓரிரண்டு மிதிகளுக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அளவு குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்புவதற்கு முன் பிரேக் பேடு தேய்ந்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் கார் ஆற ஒன்றரை மணி நேரம் ஆனது. பழைய ஆயிலை இறக்கினேன், காப்பி டிகாக்ஷன் நிறம்.

“இதை எப்ப மாத்துனீங்க தம்பி?”

“அதை மாத்தணுமாங்கண்ணா?”