கிராப்பிளிங் என்றால் மல்லுக்கட்டுதான்

மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது, திருவையாற்றுப் பக்கம் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. எங்கள் சிலம்ப வாத்தியார் கோடையில் அந்த மணலில்தான் பையன்களுக்குக் கம்பு கற்றுக்கொடுப்பார். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன் அங்கே போய் நின்று, தான் பிரேசில் ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையைக் கற்பதாகவும், நிஜச் சண்டை என்று வந்தால் கிராப்பிளிங்தான் நிற்கும், கம்பெல்லாம் திருவிழாவுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டான். வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை.

"அதென்ன தம்பி கிராப்பிளிங்?"

"எதிராளியக் கட்டிப் புடிச்சு, கீழ தள்ளி, அசைய விடாம பண்றதுங்க ஐயா."

"மல்லுக்கட்டுறதுன்னு சொல்லேன்."

சொல் விளக்கம் அதோடு முடிந்துவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, வேரைத் தோண்டிப் பார்த்தேன்.

கிராப்பிள் என்ற சொல் சண்டையில் பிறந்ததே இல்லை. பழைய பிரெஞ்சில் அது ஒரு சின்னக் கொக்கி. எதிரிக் கப்பலை இழுத்துப் பிடிக்கக் கயிற்றில் கட்டி எறியும் பல முனைக் கொக்கிக்கு அந்தப் பெயர் இருந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி விடுவோமே, அதற்கு அண்ணன் முறை. திராட்சைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதே வேர்தான், குலையைக் கொக்கியால் இழுத்துப் பறித்ததால் வந்தது. கையையும் காலையும் கொக்கிபோல் மாட்டி ஆளைப் பிடிப்பது பிற்பாடு சேர்ந்த பொருள்.

நம் பக்கம் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது குஸ்தி. அது பாரசீகம். பயில்வானும் பாரசீகம். வந்து பல தலைமுறை ஆகிவிட்டதால் யாரும் அந்நியமாக நினைப்பதில்லை, நானும் துரத்தச் சொல்லவில்லை. மல்யுத்தம் என்பது செய்தித்தாள் சொல், ஒலிம்பிக்கில் பாய் மேல் நடக்கிற ஒரு விளையாட்டை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிப்போனது. கிராப்பிளிங்கில் ஜூடோவும் வரும், கழுத்தை நெரிப்பதும் மூட்டைப் பூட்டுவதும் வரும். அதனால் எனக்குப் பிடித்தது மற்போர். மல் என்றால் வலிமை, கட்டிப் புரளும் சண்டையும் அதுவே. கல்லும் பலகையும் சேர்ந்து கற்பலகை ஆவதுபோல மல்லும் போரும் சேர்ந்து மற்போர், ஆகவே மல்போர் என்று எழுதாதீர்கள்.

இந்தச் சொல் எவ்வளவு பழையது என்பதற்கு டெல்டாவின் தலைவாசலிலேயே சாட்சி இருக்கிறது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லன் ஒருவனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார், புறநானூறு 80. ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருக்கிறது, இன்னொரு கால் அவன் செய்கிற தந்திரத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல 'இருதலை ஒசிய' மோதினான் என்கிறார், அதாவது தலையும் காலும் இரண்டு முனையிலும் முறிய. இதைப் படித்துக் காட்டியதும் அக்கா மகன் "மாமா, அந்தக் கால் ஹூக் போட்டுருச்சு" என்றான். கொக்கி!

சரி, எது நிஜச் சண்டைக்கு? எந்தச் சண்டைக் கலைக்காரரும் மோதலாம் என்ற யுஎஃப்சி போட்டி முதன்முதலாக 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்தபோது, ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசி, குத்துச்சண்டைக்காரர் உட்பட மூன்று பேரை ஒரே இரவில் மடக்கிப் பட்டத்தை வென்றதை ஜியு-ஜிட்சுப் பையன்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆளை ஊனமாக்கும் அடிகளை மோதல் பயிற்சியிலிருந்து ஒதுக்கினார், அதனால் மிச்சத்தை முழு பலத்தோடு தினமும் மோதிப் பழக முடிந்தது. பிரேசில் ஜியு-ஜிட்சு அந்த வழியில் வந்தது. சிலம்பத்தோடு சேர்ந்த நம் வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையிலும் பிடி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, கண்ணையும் தொண்டையையும் குறிவைக்கும் அடியும் இருக்கிறது. அதைப் பக்கத்துப் பையன் மேல் முழு வேகத்தில் பழக முடியுமா? அதனால் கை நீட்டினால் பேசாமல் நீட்டிக்கொண்டு நிற்கும் ஜோடியோடு பழகுகிறோம். நிஜத்தில் எவனும் அப்படி நிற்க மாட்டான். மல்லுக்கட்டுவது என்ற சொல்லிலேயே எதிராளி விடாமல் திமிறுவது இருக்கிறது, பாருங்கள். அந்தத் திமிறலோடு பழகாத எந்தக் கலையும், பழசோ புதுசோ, சண்டையில் கைகொடுக்காது. எங்கள் ஊரில் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் கபடிப் பையன்கள்தான், பொங்கலுக்கு மின்னொளிப் போட்டி நடக்கும்போது கணுக்காலைப் பிடித்தவன் பிடியை விடுகிறானா பாருங்கள்.

வாத்தியார் பக்கமும் நியாயம் உண்டு. "நீ ஒருத்தனக் கட்டிக்கிட்டு ரோட்டுல உருள்றப்ப அவன் அண்ணன் செங்கல்லோட வருவான் தம்பி" என்றார். தார் ரோட்டில் முதுகு தேயும், கத்தி இருந்தால் கதையே வேறு, அப்போது தள்ளி நிற்க வைக்கிற கம்புக்கு ஈடு கிடையாது.

அப்புறம் இருவரும் மணலில் இறங்கினார்கள். முதல் இரண்டு தடவை பையன் குனிந்து பாய்வதற்குள் கணுக்காலில் கம்பு சுண்டிவிட்டது, நொண்டிக்கொண்டே சிரித்தான். மூன்றாவது தடவை நுனியைத் தாண்டி உள்ளே போய்விட்டான், உள்ளே போனபின் ஆறடிக் கம்பு வெறும் விறகு. இருவரும் விழுந்தார்கள், வாத்தியாரின் முழங்கை அவன் பூட்டில் மாட்டியது. தோற்றதை ஒத்துக்கொள்ளக் கையால் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, அவன் சொல்லவும் மறந்துவிட்டான்.

"போதும், விடுடா" என்றார். விட்டுவிட்டான்.