மைனஸ் 20-இல் சர்க்கரைக்காரரின் கால்

நவம்பர் பிறந்தாலே மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு தனி வகைக் கூட்டம் வரத் தொடங்கும். "டாக்டர், டிசம்பரில் மொன்றியால் போகிறோம். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குளிருக்கு ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்களேன்." மொரீசியஸில் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு வருவதும், வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக் கடைசி போனஸ் கைக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். நமக்கு அது கோடை. பிரெஞ்சு தெரிந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் போய்க் குடியேறியிருக்கும், மொன்றியால் உள்ள, கனடாவின் கியூபெக் மாகாணத்துக்கோ அது நடுக்குளிர்காலம். நம் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் 30 டிகிரி வெயிலில் விமானம் ஏறி, பாரிஸில் மாறி, மைனஸ் 20-இல் போய் இறங்குகிறார்கள். ஒரே பயணத்தில் 50 டிகிரி வித்தியாசம். ஜூலை மாதத்தில், மேட்டு ஊரான கூர்ப்பிப்பில் 15 டிகிரி ஆனாலே ஸ்வெட்டர் தேடும் ஊர்க்காரர்கள் நாம்!

குளிருக்கு மாத்திரை கிடையாது. மாத்திரை கேட்டு வருபவர்களை நான் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வேன். கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்ப்பார்கள். நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி. பேரன் பேத்தி பார்க்கப் போகும் வயதுக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம். சர்க்கரை பல வருஷமாக இருந்தால் முதலில் அடி வாங்குவது பாதத்து நரம்புகள்.

போன வருஷம் வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். அறுபது தாண்டியவர், சர்க்கரை கிட்டத்தட்ட பேரக்குழந்தையின் அம்மா வயதுக்குப் பழையது. படுக்கவைத்து, "கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அம்மா, காலில் நான் தொட்டவுடன் சொல்லுங்கள்" என்றேன். இதற்கென்று 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழை இருக்கிறது, மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு போல. பெருவிரலின் அடியில் வைத்து இழை வளையும்வரை அழுத்தினேன். முன்பாதத்தில் மூன்று இடம் அழுத்தினேன். மறு காலுக்கும் போய்விட்டேன். அம்மா கண்ணை மூடியபடியே, "தொடலாம் டாக்டர், நான் ரெடியாத்தான் இருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற மகனின் முகம் மாறிவிட்டது. அந்த அம்மா தினமும் கோயிலுக்கு நடந்து போகிறவர், காலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

கடுங்குளிரில் மனிதனைக் காப்பாற்றுவது வலிதான். விரல் சுரீர் என்று வலிக்கும், எரியும், நாம் உள்ளே ஓடுவோம். உடம்பு தன் நடுப்பகுதிச் சூட்டைக் காக்க கை, கால், மூக்கு, காது ஆகியவற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் போகாத விரல் உறைநிலைக்கு வந்தால் சதைக்குள் இருக்கும் நீரே பனிக்கட்டியாகும். அதுதான் உறைபனிப் புண். நல்ல நரம்பு உள்ளவருக்கு அந்த நிலை வருமுன் வலி எச்சரிக்கும். மரத்த பாதத்துக்கு அந்த எச்சரிக்கை வராது. கூடவே, அவருக்கு ரத்தக் குழாயும் ஏற்கெனவே குறுகியிருக்கும். அதனால் சர்க்கரைக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: அங்கே உங்கள் காலை நம்பாதீர்கள், கடிகாரத்தையும் கண்ணையும் நம்புங்கள்.

கடிகாரம் என்றால் எத்தனை நிமிஷம்? கனடாவின் வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு காற்றுக்குளிர் என்று இன்னொரு எண்ணும் சொல்வார்கள். அதைப் பாருங்கள். வெளியே மைனஸ் 20, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறையலாம். மைனஸ் 40-ஐத் தொட்டால் 5 முதல் 10 நிமிஷம் போதும். பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் ஆகிற நேரம் அது. மைனஸ் 28 என்று பார்த்தால் மரத்த காலோடு வெளியே நிற்க வேண்டாம், காரில் ஏறி இறங்குவதோடு சரி. நடக்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு மொன்றியால் நடுநகரில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நிலத்தடிப் பாதை இருக்கிறது. மெட்ரோ, கடைகள் எல்லாம் அதில் இணைந்திருக்கும். காலை நடையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கண் என்று சொன்னேன். இதில் ஒரு சிக்கல். இன்டர்நெட்டில் உறைபனிப் புண் படம் தேடினால் வெள்ளைக்காரர் தோல்தான் வரும்: முதலில் சிவப்பு, அப்புறம் வெளுப்பு. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, அல்லது மஞ்சள் கலந்து மெழுகு பூசிய மாதிரி இருக்கும். தொட்டால் அந்த இடம் சில்லென்று, சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாக இருக்கும். வெளியே போய்விட்டு வந்த ஒவ்வொரு முறையும் சாக்ஸைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அதைவிட மருமகனைப் பார்க்கச் சொல்வது சுலபம், கூச்சப்படாதீர்கள்.

அப்படி ஏதாவது தெரிந்தால் நம் வீடுகளில் உடனே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் கற்பூரத் தைலத்தை எடுத்துச் சூடு பறக்கத் தேய்ப்பார், இன்னொருவர் வெந்நீர்ப் பை கொண்டுவருவார். இரண்டுமே கெடுதல். உறைந்த சதையைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் பனித்துகள்கள் திசுவைக் கிழிக்கும். உணர்ச்சியில்லாத காலில் வெந்நீர்ப் பை வைத்தால், வெந்துபோவதுகூடத் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வரை, அதாவது உடம்புச் சூட்டில், தண்ணீர் எடுத்து அரை மணி நேரம்வரை காலை அதில் வைத்திருக்க வேண்டும். சூட்டைத் தெர்மாமீட்டரில் பாருங்கள், இல்லையென்றால் உணர்ச்சி நன்றாக உள்ள இன்னொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். மறுபடி வெளியே போய் உறைய வாய்ப்பிருந்தால் சூடாக்கவே கூடாது. உருகிய சதை மீண்டும் உறைவது முதல் தடவையைவிட மோசம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். அவசரத்துக்கு 911. கியூபெக்கில் 811-ஐ அழைத்தால் நர்ஸ் ஒருவர் ஆலோசனை சொல்வார், பிரெஞ்சிலேயே பேசலாம்.

காலணி விஷயத்தில் எல்லாரும் இங்கேயே வாங்கிப் பெட்டியில் அடைக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். அந்தக் குளிருக்கான பூட்ஸ் நம் கடைகளில் இல்லை, அங்கே போய் வாங்குங்கள். விரலை உள்ளே ஆட்டிப் பார்க்க இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் திணித்தால் இருக்கிற ரத்த ஓட்டமும் நிற்கும். கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கைக்கு, விரல் பிரிக்காத உறைதான் சூடு தரும். ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து வாங்கப் போகும்வரை? அதற்கு இங்கிருந்தே மூடிய ஷூவும் கம்பளி சாக்ஸும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். சவாத்தோடு, அதாவது ரப்பர் செருப்போடு, விமானம் ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகன் கோட்டும் தொப்பியும் கொண்டுவந்து கதவுக்கு உள்ளே வைத்துக் கொடுக்கட்டும், கார் பார்க்கிங்கில் அல்ல.

கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மொன்றியாலுக்குப் போகும் நம்மவர்கள் அங்குள்ள முருகன் கோயிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர், விசேஷ நாளில் கூட்டம் நெரியும். பூட்ஸைக் கழற்றும் இடத்தில் எல்லார் பூட்ஸிலிருந்தும் உருகிய பனி குட்டை மாதிரி தேங்கியிருக்கும். சாக்ஸோடு அதில் மிதித்து, அந்த ஈரத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, அப்படியே பூட்ஸுக்குள் காலை விட்டு வெளியே வருவார்கள். ஈரமான கால் காய்ந்த காலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும். பையில் மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கே பல வீடுகளில் சுவரின் அடியோரமாக மின் ஹீட்டர் நீளமாக ஓடும். அதன் பக்கம் காலை நீட்டிக்கொண்டு சோபாவில் தூங்கிவிட்டு, குதிகால் வெந்து திரும்பி வந்த ஒருவருக்கு நான் மூன்று மாதம் கட்டுப் போட்டேன். குளிரில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை! ஹீட்டர் காற்று வறண்டது, குதிகால் வெடிக்கும். வாஸ்லின் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள் அதைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துபோகலாம். கைப்பையில் வையுங்கள். அங்கே வெளியே போகும்போது கோட்டின் உள்பாக்கெட்டில் வையுங்கள், காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, பார்க்கத் தெளிவாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. இன்னொன்று, நடுக்கம். குளிரில் நடுங்குகிறதா, சர்க்கரை இறங்கி நடுங்குகிறதா என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது. நடுங்கினால் உள்ளே போய், கையைச் சூடாக்கி, சோதித்துப் பாருங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும், ஜூஸ் உறைந்துவிடும். நமக்கும் மொன்றியாலுக்கும் 9 மணி நேர வித்தியாசம். மேற்கே பறக்கும்போது நாள் நீளும், ஊசி நேரத்தை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. மருமகன் பனி அள்ளுகிறான், நான் சும்மா உட்கார்ந்திருக்கவா என்று மண்வெட்டியைப் பிடுங்காதீர்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், ஈரப்பனி கனமானது, மூச்சை அடக்கித் தூக்க வேண்டியிருக்கும். கியூபெக் மாகாணத்தின் ஆஸ்பத்திரிக் கணக்குகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வு, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. ஒரு பெக் ரம் உடம்பைச் சூடாக்கும் என்பதும் சரியில்லை. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு மாதிரி தெரியும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள், கியூபெக்கின் அரசுக் காப்பீடு விருந்தினருக்குக் கிடையாது.

திரும்பி வருபவர்களில் சிலர் ஜனவரி கடைசியில் நேரே தைப்பூசத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். கோர் த கார்த் மலையடியில் வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு காவடி. குளிரில் லேசாக அடிபட்ட விரலுக்குப் பல வாரம்வரை உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாகத் திரும்பியிருக்காது, சூடும் தெரியாது, கல் குத்துவதும் தெரியாது. அதனால் ஊர் வந்த வாரத்திலேயே காலைக் காட்டிவிட்டுப் போங்கள். "வேண்டுதல் டாக்டர், எப்படி விட முடியும்?" என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. சித்திரைக் காவடி இருக்கிறது, அதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் கிடக்கிறது, அப்போது காலைப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன்.